எண்ணெய்த் துணியைக் கொடியில போடு

நைனா,

இந்தக் கடுதாசி கைக்கு வந்ததும் மொதல்ல பின்பக்கம் போயி அந்தச் சாக்கைப் பாரு. செல்விகிட்ட போன்ல சொன்னதத்தான் இங்கயும் எழுதறேன். துணியெல்லாம் வெளிய எடுத்து, ஒண்ணு ஒண்ணா பிரிச்சு, தண்ணில முக்கி, காத்தாட விரிச்சுப் போட்டுட்டியா? போட்டுட்டன்னா குந்தி மீதியப் படி. போடலன்னா கடுதாசிய மடிச்சு வெச்சுட்டுப் போயி அத்தச் செய். நான் எங்கயும் ஓடிப் போவ மாட்டேன், இங்கதான் கீறேன்.

போன ஞாயித்துக்கிழம செல்வி போன் பண்ணா. அவ போன் பண்றது புதுசு இல்ல, ரெண்டு நாளைக்கு ஒரு தபா பேசற பொண்ணு. பாப்பா சோறு துண்ண மாட்டேங்குது, ஓசூர்ல குளிரு ஜாஸ்தி, இதான் எங்க பேச்சு. அன்னிக்கு மட்டும் பேச்ச ரவ இழுத்தா. "அத்தை, இவரு ரிட்டயர் ஆன ஒருத்தர்கிட்டருந்து உளி, சுத்தியல், அரம்னு ஒரு பொட்டி நெறைய பழைய சாமான் வாங்கிட்டு வந்திருக்காரு. ஷெட்ல உட்கார்ந்து நீங்க செய்யற மாதிரியே மெழுகு காய்ச்சறாரு. ரெண்டு வாட்டி செஞ்சும் பதமே வரல. உங்களைக் கேக்கச் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு, அதான் நான் கேக்கறேன்"னா. எனுக்கு உள்ளுக்குள்ள குளுந்து போச்சு. பத்து வருசமா நீ என் கையில எதுவும் கேட்டதில்ல. உன் பொண்டாட்டி வாயால கேட்டாலும் கேட்டது கேட்டதுதானேன்னு, அடுப்பாங்கரையில குந்திகினு அளவு சொல்ல ஆரம்பிச்சேன். அப்ப அவ பேச்சோட பேச்சா ஒண்ணு சொன்னா. "தொடச்ச துணிய எல்லாம் தூக்கிப் போடாம ஒரு சாக்குல அமுக்கிக் கட்டி வெச்சிருக்காரு அத்தை. வெந்நீர் அடுப்பு பத்த வெக்க ஆகும், எங்கம்மா அப்படித்தான் வெக்கும்னாரு."

பாப்பா எங்க கீதுன்னு கேட்டேன். அந்த ஷெட்டு வாசல்லதான் வெளையாடுதுன்னா. நான் போட்ட சத்தத்துல பக்கத்து வூட்டுக் கன்னியம்மா கையில கரண்டியோட ஓடியாந்துட்டா. கொழந்தைய மொதல்ல தூக்கு, சாக்கை வெளிய இஸ்துப் போடு, தண்ணி ஊத்துன்னு கத்தினேன். பாவம் செல்வி, என்னான்னு கேக்காமயே செஞ்சா. சாக்கைப் பிரிச்சு நடுவுல கைய வெச்சப்ப இட்லி குண்டான் மாதிரி சுட்டுச்சாம். அடுத்த நாளு அவ மறுபடியும் போன் பண்ணா. "அவருகிட்ட எல்லாம் சொன்னேன் அத்தை. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாரு. அம்மாவுக்கு இது எப்பத்துலருந்து தெரியும்னு கேளுன்னாரு." நான் சிக்னல் சரியா இல்லம்மான்னு சொல்லி கட் பண்ணிட்டேன். சிக்னலு நல்லாத்தான் இருந்துச்சு.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது. பதமும் எழுதறேன், பதிலும் எழுதறேன். ஒண்ண உட்டுட்டு ஒண்ணச் சொல்ல முடியாது. இன்னொண்ணு, இதுல ஒரு காப்பிய நம்ம தெரு மன்றத்துப் போர்டுல ஒட்டச் சொல்லப் போறேன். அன்னிக்கு உன்ன நான் திட்டினது தெரு பூரா கேட்டுச்சு. திட்டறப்ப தெருவுல நின்னவ, தப்ப ஒத்துக்கறப்ப மட்டும் கவர ஒட்டி அனுப்புனா அது நாயம் இல்ல. போர்டுல நின்னு படிக்கிறவங்களுக்கும் வெளங்கணும்னு உனுக்குத் தெரிஞ்சதையே சில எடத்துல எழுதுவேன். பொறுமையா படி. அந்தப் பொறுமை உனுக்கு உங்கப்பா குடுத்தது, என்னுது இல்ல.

நான் நெட்டுக்குப்பத்துல மீன் வாடையில பொறந்தவ. உங்கப்பா திருவொத்தியூர்ல ஒரு கம்பெனியில பிட்டரு. நம்ம பக்கத்து உப்புக் காத்தப் பத்திச் சொல்லவே வேணாம். நேத்து தொடச்சு வெச்ச ஸ்பேனர இன்னிக்குப் பார்த்தா மஞ்சப் பொடி தூவுன மாதிரி துரு நிக்கும். மரப்பிடி ஒரு பக்கம் ஊறும், ஒரு பக்கம் வெடிக்கும், கையில சிலாம்பு ஏறும். கல்யாணம் ஆன புதுசுல அவரு பிடிக்கெல்லாம் மீன் எண்ண தடவினு இருந்தாரு. அத்தச் சொல்லிக் குடுத்ததே எங்கப்பாதான். படகுக்குத் தடவறது சுத்தியலுக்கு ஆவாதான்னாராம். ஆவும், நல்லாவே ஆவும். ஆனா நாத்தம் இருக்கே. கம்பெனியில இவரு பக்கத்துல யாரும் டிபன் டப்பாவத் தொறக்க மாட்டாங்களாம். ஒரு நாளு துணி தொவச்சுட்டு உள்ள வரேன், ரெண்டு பூனை இவரு சுத்தியல ஆளுக்கு ஒரு பக்கம் நக்கிகினு குந்தினு கீது. நான் தொரத்தறேன், அது ரெண்டும் என்னைப் பார்த்து சீறுது, உங்கப்பா கட்டில்ல படுத்துகினு வயித்தப் பிடிச்சுகினு சிரிக்கறாரு. அன்னிக்குச் சொல்லிட்டேன், ஒண்ணு மீன் எண்ண இந்த வூட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு.

அப்பால நானே எறங்கினேன். தேங்கா எண்ண போட்டுப் பார்த்தேன், அது காயவே காயாது, பிசுபிசுன்னு அழுக்கப் பிடிச்சுகினு கலீஜா ஆவும். மெழுவத்தியக் கரைச்சுப் போட்டேன், வெள்ள வெள்ளயா பொறுக்கு தட்டுச்சு. கடைசில டோல்கேட்டுல பெயின்ட் கடக்காரரு ஆளி விதை எண்ண குடுத்தாரு, மரத்துக்குள்ள போயி காஞ்சு நிக்கும்மான்னு. தேன்மெழுகு மண்ணடில நாட்டு மருந்துக் கடையில கெடச்சுது. ரெண்டையும் சேத்துக் காய்ச்சி மொதல் டப்பா எடுக்கறதுக்குள்ள எனுக்கு ஒரு புருவம் போச்சு. டர்பன்டைன அடுப்பு மேலயே வெச்சு ஊத்தினேன், குப்புன்னு ஏறுச்சு. ஒத்தப் புருவத்தோட ஒரு மாசம் முக்காடு போட்டுகினு திரிஞ்சேன். ஆனா அந்த மெழுகு தடவுன சுத்தியலப் பிடிச்சுப் பார்த்துட்டு உங்கப்பா என் கைய எடுத்து அந்தப் பிடி மேல வெச்சாரு. வழவழப்பும் இல்ல, சொரசொரப்பும் இல்ல, கைக்கு அடக்கமா கீதுல்லன்னாரு. நாங்க குடும்பம் நடத்துன காலத்துல அவரு எனுக்குச் சொன்ன நல்ல வார்த்தைங்கள்ல அது ஒண்ணு.

அதுக்கப்பறம் அவரு தோஸ்துங்க எல்லாம் ஆளுக்கு ஒரு டப்பா கேட்டாங்க. பழைய பவுடர் டப்பா, தைல டப்பா எதுவும் மிச்சம் இருக்காது நம்ம வூட்ல. ஆயுத பூஜை வந்தா தெருவே நம்ம வாசல்லதான். வாச்சு வேலை செய்யறவர்லருந்து வலை பின்றவரு வரைக்கும் தன் சாமானக் கொண்டாந்து போட்டுட்டுப் போவாங்க. சாமிக்கு முன்னால வெக்கறப்ப சாமான் மினுமினுன்னு இருக்கணும்ல. பின்பக்கத் தகரக் கொட்டாய்ல குந்திகினு நானும் உங்கப்பாவும் தொடச்சுத் தொடச்சு எடுப்போம். தொடச்ச துணிய அன்னன்னிக்கே வெந்நீர் அடுப்புல போட்டு எரிப்பேன். சோக்கா பத்திக்கும். அவ்ளோ வருசம் ஒரு அசம்பாவிதமும் ஆவல, ஏன்னா துணி தங்கினதே இல்ல.

உங்கப்பா போனது உனுக்கு இருவத்தியோரு வயசுல. வேலைக்குக் கெளம்பினவரு ஷூவ மாட்டிகினு இருக்கும்போதே சாஞ்சுட்டாரு. நீதான் கொள்ளி வெச்ச. அந்த வருசம் நமக்கு எந்தப் பண்டிகையும் இல்ல. துக்க வருசம் முடிஞ்சு வந்த மொத ஆயுத பூஜைக்கு, அப்பா பொட்டிய எடுத்து எல்லாத்தையும் பூஜையில வெக்கலாம்மான்னு நீதான் கேட்ட. எனுக்கு அந்தப் பொட்டியத் தொறக்கவே மனசு வரல. நீ தொறந்த. ஒவ்வொண்ணா எடுத்து உப்புத்தாள் போட்டு, எண்ண போட்டு, மெழுகு போட்டு, கொட்டாய்ல வரிசையா வெச்ச. நான் கதவு ஓரமா நின்னு பார்த்துகினு இருந்தது உனுக்குத் தெரியாது. இந்தப் புள்ள அவரு மாதிரியே கைய வெக்குதேன்னு நெனச்சேன். அத்த உன் கையில சொல்லியிருக்கணும். சொல்லல.

அந்த வருசம் ரெண்டு விசயம் மாறிப் போச்சு. சாமான் ஜாஸ்தியா வந்துச்சு, ஜல்தியா காயணுமேன்னு பச்ச எண்ணைய உட்டுட்டுக் கடையில காய்ச்சி விக்கிற எண்ணைக்கு மாறினேன். இன்னொண்ணு, புரட்டாசி வெயிலு மண்டையப் பொளந்துச்சு, யாருக்கும் வெந்நீரு தேவப்படல, நானும் அடுப்பே மூட்டல. பத்து நாளு துணியையும் ஒரு சாக்குல அமுக்கி, வாயக் கட்டி, கொட்டாய் மூலையில வெச்சேன். மழக்காலத்துக்கு ஆவும்னு. சிக்கனக்காரியாம் நானு.

பூஜைக்கு மொத நாளு மத்தியானம் மூணு மணி. நீ மதியம் வரைக்கும் கொட்டாய்ல இருந்துட்டு, பொரி கடல வாங்கியாறேன்னு டோல்கேட்டுக்குப் போன. நான் வாசல்ல வந்து நின்ன தண்ணி லாரியில கொடம் பிடிச்சுகினு இருந்தேன். பின்பக்கம் பொகை. ஓடிப் போயி பார்த்தா தகரம் செவந்து கீது. வரிசையில ரொம்பியிருந்த கொடம் அத்தனையும் அதுமேல ஊத்தினோம், தெருவே ஊத்துச்சு. நெருப்பு அடங்கினப்ப உங்கப்பா பொட்டி கரி. பிடி எல்லாம் கரி. சுத்தியல் தலைங்களும் உளி அலகும் மட்டும் சாம்பல்ல கெடந்துச்சு. கிளறினப்ப பின்செவுத்துப் பொந்துல நெருப்பு எட்டாம ஒரு சிகரெட்டுப் பாக்கெட்டு, ஒரு தீப்பொட்டி. நீ திருட்டுத்தனமா பிடிக்கிறது எனுக்கு முன்னாடியே தெரியும். அவ்ளோதான், எனுக்கு வேற ஒண்ணும் யோசிக்கத் தோணல.

நீ தெருமுனையில வர, கையில பொரிப் பை. பொகையப் பார்த்துட்டு ஓடியாற. வந்து நின்னவன நான் வூட்டுக்குள்ள கூப்ட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கல. லாரி கிட்ட நின்ன அம்பது பேரு முன்னாடி அந்தப் பாக்கெட்ட உன் மூஞ்சில அடிச்சேன். பேமானி, சோமாறின்னு என் வாயில வந்ததெல்லாம் சொன்னேன். அதெல்லாம் நீ மறந்திருப்ப, அதெல்லாம் நம்ம தெருவுல தெனம் உழுவுற வார்த்தை. ஆனா கடைசியா ஒண்ணு சொன்னேன். உங்கப்பனுக்கு ஒரு தபா கொள்ளி வெச்சது போதலையாடா, ரெண்டாவது தபாவும் வெச்சிட்டியேடான்னு சொன்னேன். அந்த வார்த்தைய இங்க எழுதறப்ப பேனா நிக்குது நைனா. பெத்தவ புள்ளையப் பார்த்து சொல்ற வார்த்தையா அது. நீ தலையக் குனிஞ்சுகினு, "நான் இல்லம்மா. இன்னிக்கு நான் பிடிக்கவே இல்ல"ன்ன. அவ்ளோதான். பொரிப் பைய கன்னியம்மா கையில குடுத்துட்டு உள்ள போயிட்ட. அந்த மாசம் முடியறதுக்குள்ள ஓசூர்ல வேலைன்னு கெளம்பிட்ட. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வரேன்னேன், வேணாம்மான்ன. வந்திருக்கணும்.

நாலு வருசம் நமக்குள்ள பேச்சு இல்ல. நல்லா கீறியா, நல்லா கீறேன், அவ்ளோதான். கல்யாணத்துக்குக் கூப்ட்ட, வந்தேன். மேடையில என்ன நிக்க வெச்சு ரெண்டு பேரும் கால்ல உழுந்தீங்க. உன் தலையில கைய வெச்சப்ப, எம்புள்ளைய மன்னிச்சுட்டேன்னு நெனச்சேன். பாரு, அப்பக்கூட தப்பு செஞ்சது நீ, மன்னிக்க வேண்டியவ நான்னுதான் உள்ளுக்குள்ள ஒரு மெதப்பு. அந்த மெதப்பு ரொம்ப நாளு நிக்கல.

நெருப்புக்கு அப்பால நான் மெழுகே காய்ச்சல. நாலு வருசம் முன்னாடி கன்னியம்மா வூட்டுக்காரரு, முகத்துவாரக்குப்பத்துல படகு இன்ஜின் பாக்கறவரு, துரு தாங்கலக்கா ஒரு டப்பா செஞ்சு குடுன்னு ஒரே பேஜாரு. சரின்னு செஞ்சேன். அதே காய்ச்சின எண்ண. அவரு சாமானையும் தொடச்சுக் குடுத்தேன். துணிய ஒரு பழைய பெயின்ட் வாளியில திணிச்சு, மூடி வெச்சு, படிக்கட்டுக்குக் கீழ வெச்சேன். சோறு ஆக்கி எறக்கறேன், ஒரு வாடை. எண்ண கருகற வாடை. அடுப்புல ஒண்ணும் இல்ல. வாளியத் தொட்டேன், கைய எடுத்துட்டேன், அவ்ளோ சூடு. மூடியத் தொறந்ததும் துணி நடுவுல பழுப்பா பொகைஞ்சுது, காத்து பட்டதும் செவப்பா கண்ணு முழிச்சுது, பத்திகிச்சு. வூட்ல நான் ஒருத்தி. சிகரெட்டு பிடிக்கற ஆளு யாரும் இல்ல, தீப்பொட்டி அலமாரியில கீது. தண்ணிய ஊத்திட்டு அந்தப் படியிலயே குந்திட்டேன். எவ்ளோ நேரம் குந்தியிருந்தேன்னு தெரியல, வடிக்காத சோறு கொழஞ்சே போச்சு.

நம்ப மனசு வரல. நம்பினா நான் இன்னா ஆவறது? ரெண்டு நாளு கழிச்சு மொட்ட மாடியில ஒரு இரும்புச் சட்டியில அதே மாதிரி துணிய எண்ணையில நனைச்சு அமுக்கி வெச்சேன். பக்கத்துல ரெண்டு கொடம் தண்ணி. காலையில வெச்சது. வத்தல் காயப் போட்டவ மாதிரி அதுக்குக் காவல் குந்தியிருந்தேன். பத்தக் கூடாது, பத்தக் கூடாதுன்னு வேண்டிகினே குந்தியிருந்தேன். புள்ள மேல தப்பு இருக்கட்டும்னு வேண்டின அம்மா நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். மத்தியானத்துக்கு மேல பொகை வந்துச்சு. டோல்கேட்டு கடைக்குப் போயி கேட்டேன். அங்க இப்ப அந்தப் பெரியவரு மகன்தான் குந்தறாரு. "அய்ய, இது தெரியாதாக்கா? இந்த எண்ண காயறப்ப சூடு வரும். விரிச்சு வெச்சா காத்துல போயிடும். சுருட்டி அமுக்குனா சூடு உள்ளயே நின்னு தானா பத்திக்கும். டின்னு மேலயே போட்டு கீதே"ன்னாரு. டின்னு மேல இங்கிலீஷ்ல எறும்பு மாதிரி நாலு வரி. அத்தனை டின்னு வாங்கிக்கீறேன், ஒரு தபா யாரையாவது படிச்சு சொல்லச் சொல்லிக்கீறேனா? நீ வூட்லயே இருந்த, நீ படிச்சிருப்ப.

ஆக, உன் கேள்விக்குப் பதில், நாலு வருசம். நாலு வருசமா எனுக்குத் தெரியும். ஏன் சொல்லலன்னு நீ கேப்ப. செல்வி அப்ப வயித்துல பாப்பாவோட முழுவாம இருந்தா, அவ புண்ணியத்துல நீயும் போன்ல ரெண்டு வார்த்தை சேத்துப் பேச ஆரம்பிச்சிருந்த. இத்தச் சொன்னா அதுவும் நின்னுடுமோன்னு பயம். அது பாதி. மீதிப் பாதி வீம்பு. இந்த வயசுல புள்ள கையில தப்புன்னு சொல்லணுமா, அதான் எல்லாம் சரியாயிடுச்சேன்னு எனக்கு நானே பீலா உட்டுகினேன். என் வாய அடக்க ஆளில்லன்னு தெருவுல பேரு. சொல்ல வேண்டிய ஒண்ண மட்டும் நாலு வருசம் இந்த வாயி அடக்கி வெச்சுது. அதுக்குள்ள நீ என்னைப் பார்த்துக் கத்துக்கினத உன் வூட்ல செஞ்சுகினு இருந்த. என் பேத்தி வெளையாடற எடத்துல என் சாக்கு. ஞாயித்துக்கிழம செல்வி அந்த வார்த்தைய சொல்லாம உட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்னு நெனச்சு இப்பவும் ராத்திரில எழுந்து குந்திக்கறேன்.

சரி, பதம். உனுக்குப் பதம் வராததுக்குக் காரணம் உன் கை இல்ல, ஊரு. நம்ம வெயிலுக்கு மெழுகு ஒரு பங்குன்னா எண்ண மூணு பங்கு. ஓசூர் குளிருக்கு அது கல்லு மாதிரி எறுகிடும். நீ எண்ணைய அஞ்சு பங்கு வெய்யி. மெழுகத் துருவிப் போடு, பெரிய பாத்திரத்துல தண்ணி கொதிக்க வெச்சு அதுக்குள்ள சின்னப் பாத்திரத்த எறக்கி உருக்கு, நேரா நெருப்புல வெக்காத. உருகினதும் அடுப்ப அணைச்சு, வெளிய கொண்டாந்து, அப்பால டர்பன்டைன் அரப் பங்கு. என் புருவத்த நெனச்சுக்க. சில்லுனு ஒரு தட்டுல ஒரு சொட்டு உட்டு ஆறட்டும், விரலால அழுத்து. வெண்ண மாதிரி எறங்கணும், ஓடக் கூடாது, ஒடயக் கூடாது. பிடிக்கு மெழுகுக்கு முன்னாடி வெறும் எண்ண. ஒரு வாரம் தெனம் ஒரு கை, ஒரு மாசம் வாரத்துக்கு ஒரு கை, அப்பால மாசத்துக்கு ஒரு கை. கால் மணி நேரம் ஊறினதும் மிச்சத்த நல்லா தொடச்சிடு, இல்லன்னா பிசுக்கு நிக்கும். இரும்ப ரவ நேரம் வெயில்ல வெச்சு வெதுவெதுன்னு இருக்கும்போது மெழுகத் தடவு. துணிய ஒண்ணு ஒண்ணா கொடியில போடு, ஒண்ணு மேல ஒண்ணு வெக்காத. அட்டை மாதிரி வெறச்சுக் காஞ்சதுக்கு அப்பாலதான் குப்பைக்கு. நாலு வருசமா எங்கொடியில அந்தத் துணி தொங்கறதப் பார்த்துட்டு, இந்தக் கலீஜத் தொவைக்க மாட்டியான்னு கன்னியம்மா கேப்பா. ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

நேத்து சொன்னேன். காலையில தண்ணி லாரி வந்துச்சு, எல்லாரும் வரிசையில நின்னாங்க. அன்னிக்கு நான் நின்ன அதே எடத்துல நின்னு, அதே கொரல்ல சொன்னேன். எங்கொட்டாய எரிச்சது எம்புள்ள இல்ல, நான் கட்டி வெச்ச சாக்கு. அவன் மேல பொய்யா பழி போட்டேன், கேட்டுக்கங்கன்னேன். அப்பால கன்னியம்மா கொடத்தக் கீழ வெச்சா. "பத்து வருசமா எம்புள்ளைங்களுக்கு உம்புள்ளையக் காட்டித்தானடி சொல்லிகினு கீறேன், சிகரெட்டு பிடிச்சா அவன் மாதிரி வூட்டக் கொளுத்திடுவீங்கன்னு. இப்ப அதுங்ககிட்ட இன்னா சொல்றது?"ன்னா. இந்தக் கெழவி சொன்னது பொய்யின்னு சொல்லுன்னேன். அவ என்னைத் திட்டல. திட்டியிருந்தா தேவல. மொகத்தத் திருப்பிகினு, "அன்னிக்குப் பொரிப் பைய எங்கையில குடுக்கும்போது அவன் கையி நடுங்குச்சுடி"ன்னா. பத்து வருசமா எனுக்கு அது தெரியாது.

அந்தச் சாம்பல்ல கெடந்த சுத்தியல் தலைங்கள்ல ஒண்ண நான் எடுத்து வெச்சிருந்தேன். வெந்த இரும்பு, இனிமே வேலைக்கு ஆவாது, பூஜையில வெக்க ஆவும். அதுக்குக் கருவேலங்கட்டையில பிடி போட்டு, நாலு வருசமா மாசம் ஒரு கை எண்ண போட்டுகினு கீறேன். உங்கப்பா சொன்ன மாதிரி கைக்கு அடக்கமா வந்து கீது. பார்சல்ல அனுப்ப மாட்டேன். நீ வந்து எடுத்துக்க.

வர்ற ஆயுத பூஜைக்கு செல்வியையும் பாப்பாவையும் கூட்டிகினு வா. தண்ணி லாரி காலையில எட்டு மணிக்கு வரும். அதே எடத்துல நான் நிக்கறேன். உன் வாயில வர்றதச் சொல்லு, தெரு கேக்கட்டும். ஏம்மா நாலு வருசம் மறைச்சன்னு கேளு. அன்னிக்கு நீ நின்ன மாதிரியே தலையக் குனிஞ்சுகினு நிக்கறேன், எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். எனுக்கு அது எவ்ளோ கஷ்டம்னு உனுக்குத் தெரியும். திட்டி முடிச்சதும் உள்ள வந்து சாப்புடு. பொரி நானே வாங்கி வெக்கறேன். நீ வெறுங்கையோட வா.

உங்கம்மா